நாளுக்கொரு வசனம்

காலையில் எழுந்ததும் வேதத்திலிருந்து ஒரு வசனத்தை வாசித்து, அதைச் சற்று நேரம் மனத்திலிருத்தித் தியானித்து, அதன் பின்னரே அன்றைய அலுவல்களில் இறங்குவது என்னும் வழக்கம் கிறிஸ்தவ உலகில் பல தேசங்களில் பல வழிகளில் தோன்றி வளர்ந்ததுதான் எனினும், ஆண்டு முழுமைக்கும் நாளுக்கொரு வசனமென்று முன்கூட்டியே வகுத்து, கடல் கடந்து வாழும் சகோதரரும் அதே நாளில் அதே வசனத்தை வாசிக்கும்படி அச்சிட்டு வழங்கும் முறை, ஜெர்மனியின் கிழக்கோரத்தில், ஸாக்ஸனி நாட்டைச் சேர்ந்த ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் வேரூன்றியது. அந்த ஊரின் வரலாற்றை அறியாமல் அந்த வழக்கத்தின் உட்பொருளை அறிதல் அரிது.

யான் ஹுஸ் என்னும் தியாகியின் வழிவந்த போஹீமிய, மொராவிய விசுவாசிகள், 17 ஆம் நூற்றாண்டில் தங்கள் சொந்த நாட்டிலேயே ஆராதனைக்கு இடமின்றி ஒடுக்கப்பட்டு, பாட்டன் பாட்டியர் இரகசியமாய்க் காப்பாற்றி வைத்த வேதப்புத்தகங்களையும் கீர்த்தனைகளையுமே தங்கள் சபையாகக் கொண்டு வாழ்ந்து வந்தனர். அவர்களுள் சில குடும்பங்களைக் கிறிஸ்தியான் டேவிட் என்னும் தச்சர் எல்லை கடத்தி அழைத்து வந்தார். ஸின்ஸெண்டார்ப் பிரபு அவர்களுக்குத் தம் பண்ணை நிலத்தில் இடம் கொடுத்தார். 1722 ஜூன் 17 அன்று அந்தத் தச்சரின் கோடரி வெட்டிச் சாய்த்த முதல் மரத்தோடு ஹெர்ன்ஹூட் பிறந்தது.

துன்பத்தில் ஒன்றுபட்டோர் பாதுகாப்பு வந்ததும் பிரிவுபடுவதை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. மொராவியர், லூத்தரன் சபையார், இன்னும் பல கொள்கையினர் என்று நாலா திசையிலுமிருந்து வந்து சேர்ந்த மக்கள், ஐந்து ஆண்டுகளுக்குள் உபதேசத்தைக் குறித்தும் சபை ஒழுங்கைக் குறித்தும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டனர். டிரெஸ்டன் அரசவையில் உத்தியோகம் பார்த்து வந்த பிரபு, அதை ஒதுக்கிவிட்டு ஊருக்கு வந்து, வீடு வீடாகச் சென்று சமாதானம் பேசினார். 1727 மே மாதத்தில் அனைவரும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஆகஸ்டு 13 அன்று அடுத்திருந்த பெர்த்தெல்ஸ்டார்ப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் பகை கரைந்தது என்று மொராவியர் இன்றும் அந்நாளை நன்றியோடு நினைவுகூர்கின்றனர். அம்மாதக் கடைசியில் தொடங்கிய இடைவிடாத ஜெபச் சங்கிலி, மணிக்கு மணி ஆள் மாறி, நூறு ஆண்டுகளுக்கு மேல் அறுபடாமல் நீண்டது.

இந்தச் சமாதானத்தை எவ்வாறு காப்பது என்னும் கவலையிலிருந்துதான் தினவசனம் பிறந்ததென்பது என் கருத்து. 1728 மே 3 அன்று மாலை, பாட்டும் ஜெபமுமாகக் கூடியிருந்த சபைக்கு, மறுநாளைக்கான வாக்கியமென்று பிரபு ஒன்றைச் சொல்லி அனுப்பினார். அந்த முதல் வாக்கியம் வேதவசனமன்று, ஒரு கீர்த்தனையின் அடிகள். மறுநாட் காலையில் ஒரு சகோதரர், அப்போது ஊரிலிருந்த 32 வீடுகளுக்கும் நடந்து சென்று, ஒவ்வொரு வாசலிலும் அதைக் கூறினார். இது நாள்தோறும் தொடர்ந்தது. பின்னாளில் எழுதியோர் பெரும்பாலும் வசனத்தைப் போற்றி, நடந்து சென்ற சகோதரரை மறந்துவிடுகின்றனர். எனக்கோ அந்த நடையே இவ்வழக்கத்தின் உயிர் என்று தோன்றுகிறது. அவர் வாசலில் வசனத்தைச் சொன்னதோடு திரும்பிவிடவில்லை. அந்த வீட்டில் நோயுற்றிருப்பவர் யார், மனக்கலக்கத்தில் இருப்பவர் யார், என்ன குறை என்று கேட்டறிந்து, அச்செய்தியைச் சபைக்குக் கொண்டுவந்தார். இவ்விதமாக வேதவாக்கியம் வீட்டுக்குள் சென்றது. வீட்டின் துயரம் சபையின் ஜெபத்துக்குள் வந்தது. நேற்று வரை பிணங்கியிருந்த இரண்டு குடும்பங்கள் இன்று காலையில் ஒரே வசனத்தைப் பெற்று, நாள் முழுவதும் அதையே எண்ணி, மாலையில் அதைப் பற்றியே பாடக் கூடும்போது, பழைய பிணக்கை எவ்வளவு காலம் பேணி வளர்க்க முடியும்?

மூன்று ஆண்டுகளில் இவ்வழக்கம் நூலாயிற்று. 1731 ஆம் ஆண்டுக்கான வசனங்கள் அனைத்தும் தொகுத்து அச்சிடப்பட்டன. அதுமுதல் இன்றுவரை ஓர் ஆண்டும் தவறாமல் அந்நூல் வெளிவருகிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு வாசலில் நின்று நலம் விசாரிக்கும் வாய் கிடையாது என்பது மெய்யே. ஆனால் கால் நடையால் எட்ட முடியாத தூரத்தை அது எட்டியது. 1732 இல் ஹெர்ன்ஹூட் சகோதரரான லேயோனார்டு டோபரும் டேவிட் நிச்மானும் அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்ல மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டனர். அடுத்த ஆண்டு வேறு சிலர் கிரீன்லாந்தின் பனிக்குச் சென்றனர். ஊரிலிருந்து கடிதம் வந்து சேர மாதங்கள் செல்லும் அக்காலத்தில், இன்று ஹெர்ன்ஹூட்டில் என்ன வசனம் வாசிக்கப்படுகிறது என்பதை மட்டும் அவர்கள் அன்றன்றே அறிந்திருந்தார்கள்.

நம் தரங்கம்பாடிக்கும் இக்கதையில் இடமுண்டு. பிரபு சிறுவராயிருந்து ஹாலே நகரத்தில் கல்வி பயின்ற காலத்தில், ஆசிரியர் பிராங்கேயின் விருந்து மேஜையில், 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரிகளைப் பற்றிக் கேட்டும், அவர்களை நேரில் கண்டும், தொலைதேசத்து ஊழியத்தில் மனம் பற்றிக்கொண்டார். 1760 மே மாதத்தில் அவர் மரித்தார். ஜூலையில் மொராவிய சகோதரர் தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது அந்த மரணச் செய்தி அவர்களை எட்டியிருக்க முடியாது. ஊருக்கு அருகில் தோட்டம் அமைத்து, பயிர்த்தொழிலாலும் கைத்தொழிலாலும் தங்களைத் தாங்களே போஷித்துக்கொண்டு, அங்கிருந்து 1768 இல் நிக்கோபார் தீவுகளுக்கும் சென்றனர். காய்ச்சல் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டு போயிற்று. 1787 இல் நிக்கோபார் ஊழியமும், 1803 இல் தரங்கம்பாடி வாசமும் முடிவுற்றன. கண்ணுக்குத் தெரியும் பலன் மிகக் குறைவே. அவர்கள் கையிலும் அந்தச் சிறு நூல் இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நண்பரை அடக்கம் செய்த மறுநாட் காலையில் அவர்கள் எந்த வசனத்தைத் திறந்திருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

வசனங்கள் சீட்டுப் போட்டு எடுக்கப்படுபவை. மொராவியர் ஒரு காலத்தில் விவாகத்துக்கும் ஊழிய நியமனத்துக்கும்கூடச் சீட்டையே நம்பியிருந்து, 19 ஆம் நூற்றாண்டில் அப்பழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட்டனர். அது நல்லதே, ஏனெனில் தேவனுடைய சித்தத்தை அறியும் உழைப்பை மனிதன் ஒரு காகிதத் துண்டின்மேல் சுமத்திவிடக் கூடாது. ஆனால் தினவசனத்தில் மட்டும் சீட்டு நிலைத்தது, அதுவும் நல்லதே. தன் விருப்பம்போல் வசனம் தேடுபவன் தனக்கு இனியதையே தேடுவான். பெற்றுக்கொள்பவனோ தன்னைக் கண்டிப்பதையும் பெற்றுக்கொள்ள வேண்டும். குறிசொல்லும் கருவியாக அந்நூலைப் பயன்படுத்துவோர் எக்காலத்திலும் உண்டு. அது அந்நூலின் நோக்கமன்று.

இதற்குச் சான்றாக நான் கருதுபவர் டீட்ரிக் போன்ஹோபர். மொராவிய சபையைச் சேராத லூத்தரன் போதகராயினும் அவர் அந்நூலை நாள்தோறும் வாசித்தவர். 1939 ஜூனில், பாதுகாப்பான அமெரிக்காவில் தங்குவதா, யுத்தம் நெருங்கும் தாய்நாட்டுக்குத் திரும்புவதா என்று தத்தளித்தபோது, அன்றைய வசனம் தம்மை எவ்வளவு கடுமையாகச் சோதித்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். மறுமாதம் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. தமக்கும் தம் உறவினருக்கும் அதன் பொருள் என்னவென்று உணர்ந்த அவர், மறுநாள் பெர்லின் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இரு நாட்களின் வசனங்களையும் குறிப்பிட்டார். கடிதம் எழுதிய நாளுக்குரிய பகுதிகள் கர்த்தரை மேய்ப்பராகக் கூறும் 23 ஆம் சங்கீதமும், நல்ல மேய்ப்பனைக் குறித்த யோவான் சுவிசேஷத்தின் 10 ஆம் அதிகாரமுமாம். அவ்வசனங்கள் அவர் உயிர் தப்புவார் என்று வாக்களிக்கவில்லை; 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, யுத்தம் ஓய்ந்த அந்த இரவிலேயே, ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதி தீக்கிரையாயிற்று. ஆயினும் அடுத்த ஆண்டுக்கான நூல் நின்றுவிடவில்லை. இன்றும் அதே ஊரில், 1,824 பழைய ஏற்பாட்டு வசனங்கள் கொண்ட தொகுதியிலிருந்து, மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, நாளுக்கொன்றாகச் சீட்டெடுக்கின்றனர். பின்னர் ஒருவர் அமர்ந்து, அந்த ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வாக்கியத்தைச் சுவிசேஷங்களிலும் நிருபங்களிலும் தேடி, சீட்டின்றித் தெரிந்தெடுத்து, ஒரு கீர்த்தனையையோ ஜெபத்தையோ உடன் சேர்க்கிறார். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் அந்நூல் வெளியாகிறது. அதை வாசிப்போரில் பெரும்பாலோர் மொராவிய சபையார் அல்லர்.