அணிகருவி வழி நோயாளர் கண்காணிப்பு

அணிகருவி வழி நோயாளர் கண்காணிப்பு என்பது, நோயாளி உடலில் அணிந்திருக்கும் சிறு கருவி அளக்கும் நாடித்துடிப்பு, உடல் வெப்பம், இரத்த ஆக்சிசன் அளவு போன்றவற்றை வேறோர் இடத்திலுள்ள மருத்துவப் பணியாளர்கள் பார்த்து வரும் முறையாகும். தமிழ்நாட்டில் இம்முறை 2020-இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது பரவலாகக் கவனம் பெற்றது. ஆனால், மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் நோயாளியைக் கண்காணிக்கும் முயற்சி சென்னை வட்டாரத்துக்குப் புதிதன்று.

முன்வரலாறு

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. இதைச் சோதிக்க 193 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை தரப்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பதைச் சிறுநீர்ச் சோதனையால் அறிந்தனர். 1959-இல் வெளியான முடிவுகள், வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருவதைக் காட்டின. 1999-இல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில், பணியாளர் முன்னிலையில் மருந்து உட்கொள்ளும் 'டாட்ஸ்' முறை இம்மையத்தின் ஆய்வுக் கண்காணிப்புடன் நடைமுறைக்கு வந்தது.

கருவிகளின் வளர்ச்சி

உடலில் அணியும் இதயத்துடிப்புப் பதிவுக் கருவியை உருவாக்கியவர் அமெரிக்க அறிவியலாளர் நார்மன் ஹோல்டர். முதுகில் சுமக்க வேண்டிய அவரது தொடக்கக் கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. பின்னர் சட்டைப் பையில் அடங்குமளவு சுருங்கிய இக்கருவி, இன்றும் 'ஹோல்டர்' என்றே அழைக்கப்படுகிறது. விரலில் ஒளியைச் செலுத்தி இரத்த ஆக்சிசனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை 1970-களில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி.

பெருந்தொற்றுக் காலம்

கோவிட் நோயாளிகள் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிசன் குறைந்தது. பாதுகாப்பு உடையுடன் அடிக்கடி படுக்கையருகே செல்வது செவிலியர்களுக்குக் கடினமாகவும் இடராகவும் இருந்தது. 2020-இல் சென்னை ஐஐடியின் உடல்நலத் தொழில்நுட்பப் புத்தாக்க மையமும் அங்கு உருவான ஹெலிக்சான் நிறுவனமும், விரலில் அணியும் கருவியொன்றை வெளியிட்டன. வெப்பம், ஆக்சிசன், மூச்சு வேகம், இதயத்துடிப்பு ஆகிய நான்கையும் அது கைபேசிக்கோ மையத் திரைக்கோ அனுப்பியது. அதே ஆண்டு மார்ச் 25-இல் இந்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின.

பணியாளர்களும் கருவியும்

கருவி வந்ததும் பணி குறைந்துவிடவில்லை. அதன் தன்மை மாறியது. கருவி நழுவினாலும் எச்சரிக்கை ஒலிக்கும். பொய்யொலி பெருகினால் மெய்யான எச்சரிக்கையும் பொருட்படுத்தப்படாமல் போகும். இது உலகெங்கும் 'எச்சரிக்கைச் சோர்வு' எனப்படுகிறது. விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் பூச்சு இருந்தாலும் அளவு பிழைபடலாம். கருநிறத் தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூடுதல் அளவைக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சுட்டியது. இந்திய மருத்துவமனைகளுக்கும் இது கவனத்துக்குரியது. எனவே எண்ணை மட்டும் நம்பாமல் நோயாளியின் நிலையையும் கேட்டறிவது பணியாளரின் கடமையாகிறது.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கின்றனர். 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிய நோயாளியின் உடல் எடை, மூச்சு வேகம், ஆக்சிசன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைப் பணியாளர்கள் பார்த்து, நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். இவ்விரு திட்டங்களிலும் கருவி எளியது. அளந்தபின் செய்ய வேண்டியது வரையறுக்கப்பட்டுள்ளது.

கும்மிடிப்பூண்டி வட்டாரம்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள்ளன. மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது. ஆனால் இவ்விரு ஊர்களும் வெவ்வேறு இரயில் தடங்களில் உள்ளன. இரயிலில் செல்வோர் சென்னை வரை வந்து தடம் மாற வேண்டும். ஒருமுறை பரிசோதனைக்குச் செல்வதற்கு ஷிப்டு தொழிலாளி ஒருநாள் கூலியை இழக்க நேரிடும். தொலைநிலைக் கண்காணிப்பின் பயன் இங்கேதான் மிகுதி.

ஆயினும் உடல்நிலைத் தரவு ஆலை நிர்வாகத்துக்குச் சென்றால் வேலை போய்விடும் என்று தொழிலாளி அஞ்சினால், கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். தனிநபர் தரவைக் கையாள ஒப்புதலை முதன்மை அடிப்படையாக்கும் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. தரவை யார் பார்ப்பார், இரவில் எச்சரிக்கை வந்தால் யார் அழைப்பார் என்பதை நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில் முன்கூட்டியே சொல்வது, வெளிமாநிலத் தொழிலாளர் மிகுந்த இவ்வட்டாரத்தில் கருவியைப் பொருத்துவதற்கு முன்பே செய்ய வேண்டிய பணியாகும்.