பாலர் கல்வியும் ஆராய்ச்சி முறையும்

ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பாலர் பாடசாலை ஒன்றை நிறுவுதல் அறச்செயலாம். அதனால் விளைந்த பயனை அளந்தறிதல் அதனினும் அரிய செயலாம். பாடசாலை சென்ற பிள்ளை ஈராண்டில் முன்னேறிற்று என்பது மட்டும் சான்றாகாது. செல்லாத பிள்ளையும் ஈராண்டு வளர்ந்தே நிற்கும். இவ்விடர்ப்பாட்டை ஆராய்ச்சியாளர் எங்ஙனம் கடக்க முயன்றனர் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் பெரி பாலர் பாடசாலை வரலாறு நன்கு காட்டும்.

மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரிலே, டேவிட் வெய்காட் என்னும் கல்வியாளர் 1962ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கினார். வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். அவருள் 58 பேர் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். 65 பேர் ஒப்பீட்டுக்கென விடப்பட்டனர். பெற்றோர் விருப்பையோ ஆசிரியர் பரிவையோ கருதாது, எழுமாற்று முறையிலேயே பெரிதும் இப்பகுப்புச் செய்யப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் வாரநாட்களிற் காலையில் இரண்டரை மணிநேரம் கற்றனர். வாரந்தோறும் ஆசிரியர் அவர்தம் இல்லங்களுக்குஞ் சென்றனர்.

முதலிற் பாடசாலைப் பிள்ளைகளின் நுண்மதி ஈவு உயர்ந்தது. ஆயின், ஏறக்குறைய எட்டு வயதளவில் அவ்வேறுபாடு மறைந்தது. 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்னும் நாடளாவிய திட்டத்தை ஆராய்ந்த 1969ஆம் ஆண்டு வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கையும் பயன் நிலைக்கவில்லை என்றே கூறிற்று. ஆனால் அவ்வறிக்கை, திட்டம் நடந்த பின்னரே ஒப்பீட்டுப் பிள்ளைகளைத் தேடியெடுத்தது. இரு கூட்டத்தாரும் தொடக்கத்தில் ஒத்த நிலையினர்தாமோ என்னும் ஐயம் அதனால் எழுந்தது.

இப்சிலாண்டி ஆய்வாளரோ ஏட்டை மூடிவிடவில்லை. அப்பிள்ளைகள் நாற்பது வயதெய்தும்வரை அவரைத் தொடர்ந்தனர். 2005இல் வெளிவந்த முடிவின்படி, உயர்நிலைக் கல்வியை முடித்தோர் பாடசாலைக் குழுவில் நூற்றுக்கு 77. மற்றைக் குழுவில் 60. ஐந்து முறைக்கு மேலோ ஐந்து முறையோ கைதானோர் முறையே 36, 55. நுண்மதி அளவுகோலொன்றையே நம்பியிருப்பின் இவையாவும் கண்ணுக்குப் புலப்பட்டிரா.

குறைகளும் உள. தொகை சிறிது, தாய்மார் தொழில் புரிந்தமையாற் சில பிள்ளைகள் குழு மாற்றப்பட்டனர். இவற்றைக் கருத்திற்கொண்டு ஜேம்ஸ் ஹெக்மன் முதலிய பொருளியலறிஞர் 2010இல் மீள ஆராய்ந்தபோதும் முக்கிய பயன்கள் பல நிலைபெற்றன.

ஆண்டிறுதிப் புள்ளிகளைக் கொண்டே பிள்ளையை மதிப்பிடும் ஆசிரியராகிய நாம் இதனைச் சிந்தித்தல் தகும். 65 பிள்ளைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது முறையோ என நெஞ்சம் வினவும். அவ்வினாவிற்கு எளிய விடை இல்லை. எனினும், பாலர் கல்வி பயன் தருமென்று இன்று நாம் துணிந்து கூறும்போது, அப்பயனைப் பெறாத அவர்தம் வாழ்வே அச்சான்றின் பாதி என்பதை மறத்தலாகாது.