கோவலன் பொட்டலும் ஆய்ச்சியர் குரவையும்



முளைப்பாரிக் கும்மியைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கும்மிக்குப் போகும் முன், நம் பழங்காநத்தத்திலேயே இருக்கும் கோவலன் பொட்டலிலிருந்து தொடங்குகிறேன். கோவலன் வெட்டுப்பட்ட இடம் அதுதான் என்பது ஊர் வழக்கு. 1980 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. தாழி கோவலனுக்குச் சாட்சி ஆகாது. மிகப் பழைய காலத்திலேயே இங்கே மக்கள் வாழ்ந்து மடிந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை முடிந்ததும் அடுத்து வருவது ஆய்ச்சியர் குரவை. வகுப்பில் இந்த வரிசையைப் பலரும் கவனிப்பதில்லை. இங்கே கோவலன் இறந்துவிட்டான். அங்கே ஆயர் சேரியில் யாருக்கும் தெரியாது. ஆனால் குடப்பால் உறையவில்லை, உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர், ஆட்டுக்குட்டிகள் துள்ளாமல் கிடக்கின்றன, பசுக்களின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. மாதரி பயந்துபோய் மகள் ஐயையைக் கூப்பிட்டு, கண்ணகியும் பார்க்கக் குரவை ஆடுவோம், கறவைகளின் துன்பம் தீரட்டும் என்கிறாள். குரவையைக் களிப்பாட்டம் என்று மட்டும் படித்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். இது பயத்தில் செய்த வேண்டுதல்.

ஆடுகிறவர்கள் ஏழு பெண்கள். ஆளுக்கொரு காளை வளர்ப்பவர்கள். மாதரி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே வைக்கிறாள். குரல் என்பவள் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. நண்டுக் கை போல விரல் கோத்து வட்டமாக நிற்கிறார்கள். ஏழு பேரோ ஒன்பது பேரோ கைகோத்து ஆடுவது குரவை என்பார்கள் பழைய உரைகாரர்கள். இவ்வளவு விவரமும் நமக்கு எட்டியது உ.வே.சாமிநாதையர் 1892-ல் உரையோடு சிலம்பைப் பதிப்பித்ததால்.

அந்தக் குரவையின் தாளம் என்ன என்று நான் அடித்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் இன்றைய கும்மிப் பாட்டுகளில் பல திசிர நடை, தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். வெள்ளைக்காரர்களின் வால்ட்ஸும் மூன்று எண்ணிக்கைதான். 1976-ல் பெர்ன்ஹார்ட் வோசியன் என்ற ஜெர்மானிய நடன ஆசிரியர் ஸ்காட்லாந்தின் ஃபின்ட்ஹார்னில் வட்ட நடனத்தை வழிபாடுபோலக் கற்றுக்கொடுத்தார். இன்று பல நாடுகளில் ஆடுகிறார்கள். நம்மூர்க் கிழவிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை!

பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு எளிய முறை. பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 'த'வில் வலது கால், 'கி'யில் இடது, 'ட'வில் மறுபடி வலது. அடுத்த 'த' தானாக இடது காலுக்கு வந்துவிடும். எண்ணிக்கை மூன்று, கால் இரண்டு அல்லவா? அதனால்தான் உடம்பு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்கிறது. 'த'வில் மட்டும் குனிந்து கைதட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் பாட்டு வேண்டாம், வாயால் தகிட சொன்னால் போதும். காலைப் பார்க்காதீர்கள், எதிரே நிற்கிறவரைப் பாருங்கள்.

இப்போது ஆண்டு விழா மேடைகளில் கும்மியை வரிசையாக நிறுத்தி, பார்வையாளர் பக்கம் முகம் திருப்பி ஆடவைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. முளைப்பாரியை நடுவில் இறக்கி வைத்துச் சுற்றும்போது முகம் முளைப்பாரியைத்தான் பார்க்கும். கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. கால் தடுமாறுகிற பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் அதே வட்டத்தில் நிற்கலாம்.

ஒரு மாணவி முன்பு கேட்டாள்: "கண்ணகியும் ஆடினாளா டீச்சர்?" இல்லை அம்மா. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குரவை முடிந்து மாதரி வையைக்கு நீராடப் போன பிறகுதான் ஊருக்குள்ளிருந்து ஒருத்தி செய்தியோடு ஓடி வருகிறாள்.