ஆறு வயதுக்கு முன்: சேலம், நாமக்கல் சமவெளியில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் கல்வி

1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உடல், மனக் குறையுள்ளோருக்கெனத் தனி அட்டவணை உண்டு. பார்வையற்றோர், காது கேளாத வாய் பேசாதோர், மனநோயாளிகள், தொழுநோயாளிகள் என்று நான்கு வகையாகப் பிரித்து எண்ணினார்கள். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்த பெரிய நிலப்பரப்பு. இந்த எண்ணிக்கை 1931 வரை தொடர்ந்தது, பிறகு நின்றுபோனது. சுதந்திர இந்தியாவின் முதல் மூன்று கணக்கெடுப்புகளிலும் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் மீண்டும் வந்தது, 1991இல் விடுபட்டது, 2001இல் திரும்பவும் இடம்பெற்றது. கிராமந்தோறும் பள்ளிக்கூடம் என்று தமிழ்நாடு முனைந்து கட்டிய ஆண்டுகளிலும், 1956இல் மதிய உணவு தொடங்கியபோதும், எந்த ஊரில் எத்தனை குழந்தைகள் கேட்காமலும் பார்க்காமலும் நடக்க முடியாமலும் வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு அரசிடம் கணக்கு இல்லை. கணக்கில் வராத குழந்தைக்கு வகுப்பறை கட்ட யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்த வரலாற்றை இரண்டு திசைகளில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இடத்தைப் பொறுத்தவரை, உதவி தொலைவிலிருந்து குழந்தையின் தெருவை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது, இது சாதனைதான். வயதைப் பொறுத்தவரை, அது மேலிருந்து கீழாக வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைக்கு முதலில் கிடைத்தது, கைக்குழந்தைக்குக் கடைசியில்தான் கிடைத்தது. கண்டறிவதும் பயிற்சி தருவதும் எந்த வயதில் அதிகப் பயன் தருமோ அந்த வயதுதான் இன்றும் பலவீனமான கண்ணி.

தொடக்கம் பாளையங்கோட்டையில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பார்வையற்ற குழந்தைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத குழந்தைகளுக்கு ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரும் பள்ளிகளை நிறுவினார்கள். இருவருமே கிறித்தவ மிஷன் பணியாளர்கள். சேலத்திலும் லண்டன் மிஷன் 1827 முதல் இருந்தது, பள்ளிகளும் நடத்தியது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி தெற்கில்தான் வேர் பிடித்தது. திருச்செங்கோட்டிலோ ஓமலூரிலோ பிறந்த காது கேளாத குழந்தை அதைப் பெற வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் விடுதியில் சேர வேண்டும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையை, அதுவும் வாய் திறந்து பேசத் தெரியாத பிள்ளையை, அவ்வளவு தூரம் விட்டுவர எத்தனை பெற்றோருக்கு மனமும் பணமும் இருந்திருக்கும்? சென்னையில் அரசு பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கிய பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது முக்கியமான படி. எழுத்து வந்துவிட்டது, கற்பிப்பவர் இன்னும் பக்கத்தில் வரவில்லை.

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் நிலை இதைவிட மோசம். 1950களில் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பு பால விஹாரைத் தொடங்கும் வரை அவர்களுக்கென்று பள்ளி என்ற எண்ணமே மாநிலத்தில் அரிது. ஊரில் அந்தக் குழந்தை ஆடு மேய்த்தது, தறிக்குடிசையில் நூல் எடுத்துக் கொடுத்தது, அல்லது திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்துக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்வதற்கு வேறொன்றும் அவர்கள் கையில் இல்லை.

சேலத்தில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் அரசு சிறப்புப் பள்ளிகள் ஏற்பட்டபோது அந்த முந்நூறு கிலோமீட்டர் ஐம்பது அறுபதாகச் சுருங்கியது. விடுதி, உணவு, சீருடை எல்லாம் இலவசம். 1964-66 கோத்தாரிக் குழு, இயன்ற இடங்களில் இந்தக் குழந்தைகளைப் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்கவைக்கச் சொன்னது. 1974இல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் அதற்குப் பணம் ஒதுக்கியது. கொங்கு நாட்டில் கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா, பார்வையற்ற பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் படிக்கவைக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மையமாக வளர்ந்தது. அங்கிருந்து பணியாற்றிய எம்.என்.ஜி. மணியின் பெயர் இந்தத் துறையில் நாடெங்கும் தெரிந்த பெயர். இருந்தும் சேலம் மாவட்டத்தின் உள்ளூர்களில் 1980களிலும் ஒருங்கிணைந்த கல்வி என்பது பெரும்பாலும் போலியோவால் கால் சூம்பிய பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாகவே இருந்தது. அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் பாடம் புரியும். படிக்கட்டு மட்டுமே தடை. கற்பிக்கும் முறையையே மாற்ற வேண்டிய குழந்தை அப்போதும் வெளியேதான் நின்றது.

1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை அரசின் கடமையாக்கியது. 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. இதன் பலனை நிர்வாக வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. பரமத்தி வேலூரிலிருந்து மாவட்டத் தலைநகரின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலம் வரை பேருந்தில் போய்வருவதென்றால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். அலுவலகமும் மாவட்ட மருத்துவமனையும் நாமக்கல்லுக்கு வந்ததில் இழப்பு பாதியாகக் குறைந்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஒரே முறை போனால் போதும் என்பதும் கிடையாது.

இதே காலத்தில் வடக்கே அண்டை மாவட்டமான தருமபுரியில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களுக்கே அது முன்னுரிமை தந்ததால் சேலமும் நாமக்கல்லும் அதில் சேரவில்லை. வட்டார வள மையம், ஆசிரியர் பயிற்றுநர் என்ற அமைப்பு அந்தத் திட்டத்தில்தான் பழக்கத்துக்கு வந்தது. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கியதும் அதே அமைப்பு எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. சேலத்தின் 20 ஒன்றியங்களிலும் நாமக்கல்லின் 15 ஒன்றியங்களிலும் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர் என்ற மனிதர்கள் முதன்முதலாகத் தென்பட்டது இதன் வழியாகத்தான். எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது அதன் விதி. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை என்று தொடங்கிய ஒதுக்கீடு பிறகு 3,000 ஆனது.

ஒன்றியத்துக்கு ஒன்றாக உருவான பகல்நேரப் பராமரிப்பு மையத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பள்ளி வளாகத்துக்குள் ஓர் அறை. தரையில் பாய், சுவரை ஒட்டி நடைபழக இரண்டு இணைக்கம்பிகள், முதுகு நிமிர்ந்து உட்கார மூலை நாற்காலி, பெரிய ரப்பர் பந்து, மணி கோக்க நூல், வண்ணக் கட்டைகள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் இறுகிய கையை இயன்முறை மருத்துவர் விரல் விரலாகப் பிரித்து நீவிவிடுகிறார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வாரத்தில் மீதி நாள் இதை வீட்டில் செய்ய வேண்டியவர் அவர்தான். சிறப்புப் பயிற்றுநர் ஒரு குழந்தைக்குக் கரண்டி பிடிக்கவும் இன்னொன்றுக்குச் சிறுநீர் வருவதைச் சொல்லவும் பழக்குகிறார். ஆயா சத்துணவு ஊட்டுகிறார். இதைக் குழந்தை காப்பகம் என்று எண்ணி ஒதுக்குபவர்கள் உண்டு. தன் கையால் சாப்பிடத் தெரிந்த பிறகே ஒரு பிள்ளை பொதுப் பள்ளியின் பந்தியில் மற்றவர்களோடு உட்கார முடியும் என்பதால், கல்வியின் முதல் பாடம் இங்கேதான் நடக்கிறது என்று நான் கருதுகிறேன். எழுந்து வரவே முடியாத குழந்தைகளின் வீட்டுக்குப் பயிற்றுநர் தன் சொந்த வண்டியில் போகிறார். இந்த வீட்டுவழிக் கல்வியை 2012ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத் திருத்தம் குழந்தையின் உரிமையாகவே ஏற்றது.

நாமக்கல் என்றால் தமிழ்நாட்டுக்கு வேறொரு பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்து உண்டுறைப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்காக மாநிலமெங்குமிருந்து பிள்ளைகளை ஈர்த்தவை. உழைத்துச் சேர்த்த பணத்தைப் பிள்ளையின் படிப்பில் கொட்டும் லாரி உரிமையாளர், கோழிப்பண்ணைக் குடும்பங்களின் பேராசை கலக்காத நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. ஆனால் தேர்ச்சி விழுக்காட்டையும் முதலிடத்தையும் விளம்பரப் பலகையில் எழுதும் பள்ளியில், மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு இடம் கிடைப்பது கடினம். அண்ணன் உண்டுறைப் பள்ளியில், தங்கை ஊர் அரசுப் பள்ளியில் என்ற பிரிவு இங்கே ஒரே வீட்டுக்குள் நடக்கும். அரசுப் பள்ளிதான் இந்தக் குழந்தைகளின் பள்ளி. அதன் ஆசிரியர்களை இதற்காகத் தனியே பாராட்ட வேண்டும், அதற்குரிய ஆட்களையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இனி ஆறு வயதுக்கு முந்தைய பருவத்துக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் ஒரு முறை தொடங்கியது: பயிற்றுநர் வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போவார், அடுத்த வாரத்துக்கான பயிற்சியைத் தாய்க்குக் கற்றுத் தருவார். அதே ஆண்டில் சென்னையில் காது கேளாத சிறு குழந்தைகளுக்காகப் பால வித்யாலயா உருவானது. 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், உபநயன் என்ற பெயரில் பிறந்தது முதல் இரண்டு வயது வரைக்குமான பயிற்சித் திட்டத்தை வகுத்தது. அறிவு சென்னை வரை வந்துவிட்டது. சேலத்துக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகளாயின. இத்தனைக்கும் குழந்தைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று 1995 சட்டமே சொல்லியிருந்தது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் அதைத் திருப்பிச் சொன்னது. நடைமுறையில் ஒரு ஏற்பாடு 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் வழியே வந்தது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை போக வேண்டும். ஐயமுள்ள குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

காது கேளாமையை எடுத்துக்கொண்டால் இந்தச் சமவெளியின் தனிச் சிக்கல் புலப்படும். மாமன் மகள், அத்தை மகன் உறவில் திருமணம் செய்வது இங்கே நெடுநாள் வழக்கம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 28 விழுக்காடு பெண்கள் இரத்த உறவில் மணந்தவர்கள். இந்திய அளவில் இது 11. பிறவிச் செவிட்டுத்தன்மையின் மரபணுக் காரணங்கள் பலவும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால் இத்தகைய குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது உலகம் ஏற்ற அளவுகோல். தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பிறந்த குழந்தையைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று இரண்டு, மூன்று வயதில் பதறி வரும் பெற்றோரே இன்னும் அதிகம். “அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதில் ஓராண்டு கழிந்துவிடும். அன்பில் சொல்வதுதான், ஆனால் அந்த ஓராண்டு திரும்ப வராது.

காதுக்கருவி கிடைத்த பிறகும் வீட்டுச் சூழல் என்ற தடை இருக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி, தாரமங்கலம் பக்கத்து விசைத்தறி வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்கட்டில் நான்கு தறி, பின்கட்டில் சமையல். தறி ஓட்டத்தின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டும். சாதாரணப் பேச்சு 60. காதுக்கருவி அம்மாவின் குரலை மட்டும் தேர்ந்து பெரிதாக்காது, தறியையும் சேர்த்தே பெரிதாக்கும். குழந்தை கருவியைப் பிடுங்கி எறிகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செவித்திறன் உள்வைப்பு அறுவை செய்துகொண்ட குழந்தைக்கும் இரைச்சல் பகைதான். தறி நிற்கும் நேரம் மின்தடையும் வார விடுமுறையும்தான். தாயோ அந்தத் தறியிலேயே கூலிக்கு நிற்கிறார். போர்வெல் வண்டியில் வடமாநிலம் போன தந்தை பல மாதங்கள் வீட்டில் இல்லை. வீட்டில் தினமும் பேசிப் பழக்குங்கள் என்று எழுதித் தரும் தாள் இந்த வீட்டைப் பார்க்காமல் எழுதப்பட்டது. தறிப் பகுதிகளில் அங்கன்வாடியின் அமைதியான அறையொன்றை மாலையில் ஒரு மணி நேரம் தாய்க்கும் குழந்தைக்கும் திறந்துவிடுவது பெரிய செலவில்லை. இந்தச் சமவெளிக்கு அதுவே பொருத்தமான பேச்சுப் பயிற்சிக் கூடம் என்பேன்.

சட்டமும் ஆறு வயது என்ற கோட்டில்தான் நிற்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14, 2016 சட்டம் 6 முதல் 18. ஆறு வயதுக்குக் கீழ் கிடைப்பவை திட்டங்கள், முகாம்கள், உதவித்தொகைகள். வழக்காடிப் பெறக்கூடிய இலவசக் கல்வி உரிமை ஆறில்தான் தொடங்குகிறது. 1995இல் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016இல் 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பட்டியலில் இடம்பெற்றன. ஆட்டிசத்தைப் பொறுத்தவரை இரண்டு வயதில் கண் பார்த்துச் சிரிக்காததைக் கவனிக்கத் தெரிந்தவர் வேண்டும். நம் ஊரில் அந்த வயதுக் குழந்தையை வீட்டாருக்கு அடுத்து அதிகம் பார்ப்பவர் அங்கன்வாடிப் பணியாளர்.

உலக வங்கி உதவியுடன் மாநில அரசு இப்போது நடத்தும் உரிமைகள் திட்டத்தில், இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சிகளை ஒரே இடத்தில் தரும் ‘விழுதுகள்’ மையங்கள் திறக்கப்படுகின்றன. அவற்றின் பயனை வந்துபோனவர் எண்ணிக்கையில் மட்டும் அளந்தால் போதாது. குழந்தை எத்தனை மாத வயதில் முதன்முதலாக வந்தது என்பதைப் பதிந்து, அந்த வயது ஆண்டுதோறும் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு, சிறப்புக் கல்வி ஆசிரியர் தொடக்க வகுப்பில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வகுத்த விகிதத்தை இந்த 35 ஒன்றியங்களிலும் நிரப்ப வேண்டும். இன்று மல்லசமுத்திரத்திலும் கொங்கணாபுரத்திலும் வீடு வீடாகப் போகும் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடுவது அந்தக் குழந்தைகளுக்காகவும்தான். பயிற்றுநர் மாறினால், புதியவரின் தொடுதலுக்கும் குரலுக்கும் குழந்தை பழகவே மாதங்கள் ஆகும்.