ஊருக்கு ஊர் எத்தனை தூரம்?

பள்ளிப் பிள்ளைகளுக்கான பூகோள வினாவிடைப் போட்டிகளில் ஐரோப்பியத் தலைநகரங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பாரிஸிலிருந்து பெர்லின் எத்தனை கிலோமீட்டர்? சுமார் 880. ரோமாபுரிக்குள் அடங்கிய வத்திக்கானை ஒதுக்கிவிட்டால், மிக நெருங்கி அமைந்த தலைநகரங்கள் எவை? வியன்னாவும் பிராட்டிஸ்லாவாவும், இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். புனேயில் வளரும் நம் குழந்தைகளும் இவற்றைத் தடையின்றி ஒப்பிக்கின்றனர்.

அக்குழந்தைகளிடம் புனேயிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு என்று கேட்போம். வான்வழியே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 910 கிலோமீட்டர். பாரிஸ்-பெர்லின் தூரத்தினும் சற்றே மிகுதி. சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் வழியாக நாம் செல்லும் ரயில்பாதையோ சுமார் 1,090 கிலோமீட்டர். இரண்டும் சரியான விடைகளே. ஆகவே தூரத்தைச் சொல்லுமுன், எவ்வழித் தூரம், எவ்விடத்திலிருந்து எவ்விடம் வரை என்னும் இரண்டையும் தெளிந்துகொள்ள வேண்டும். சாலைத் தூரங்களை எண்ணுவதற்கு லண்டனில் சேரிங் கிராஸும், பாரிஸில் நோத்ருதாம் ஆலய முற்றமும் தொடக்க இடங்களாகக் கொள்ளப்படுகின்றன.

வழித்தூரத்தை அளந்து கல்லில் பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. தர்மபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் காதக் கற்கள் கிடைத்துள்ளன. அவை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு இத்தனை காதம் என்று எண்ணால் குறித்ததோடு, எழுத்தறியாத வழிப்போக்கரும் எண்ணி அறியுமாறு குழிகளும் செதுக்கி வைத்தனர்.

ஆனால் நடந்து அளக்க முடியாத நேர்கோட்டுத் தூரத்தை அறிவது எப்படி? நிலத்தில் ஒரே ஒரு கோட்டைச் சங்கிலியால் நுட்பமாக அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்தால், அம்முக்கோணத்தின் ஏனைய பக்கங்கள் கணக்கில் கிடைத்துவிடும். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம் எழும். லண்டனை அடுத்த கிரீனிச், பாரிஸ் ஆகிய இரு வானாராய்ச்சி நிலையங்களையும் 1784 முதல் 1790 வரை இம்முறையிலேயே இணைத்தனர். ஹவுன்ஸ்லோ வெளியில் வில்லியம் ராய் 8 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த ஒரு கோட்டை அளந்தார். குறுக்கே கிடந்த கடலை இரவில் ஏற்றிய விளக்குகளைக் கொண்டு கோணங்களால் கடந்தனர்.

அக்கலை விரைவிலேயே தமிழகத்துக்கு வந்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடிச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி ஏழரை மைல் அளந்தனர். அங்கிருந்து முக்கோணங்கள் மேலைக் கடற்கரை வரை சென்றன. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் இருக்கும் என முன்னைய தேசப்படங்கள் காட்டிவந்தன. 360 மைலே உள்ளது என்பது இப்போது வெளிப்பட்டது. நாற்பது மைல் நிலம் தேசப்படத்திலிருந்து மறைந்தது!

சமவெளியில் தொலைநோக்கிற்குக் கோயில் கோபுரங்களே துணையாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள கோண அளவுக் கருவி கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராது பல வாரம் உழைத்துத் தாமே அதனைச் செப்பனிட்டார். பின்னர் அளவை வடக்கு நோக்கி நகர்ந்தது. நாகபுரியை நோக்கிச் செல்கையில், 1823 ஜனவரி 20-ஆம் நாள் இங்கன்காட்டில் அவர் உயிர் நீத்தார். அவ்வூர் இன்று நாம் வாழும் மகாராஷ்டிர மாநிலத்தின் வார்தா மாவட்டத்தில் உள்ளது. அவர் கல்லறையும் அங்கேதான். கொடி பிடித்தும் விளக்கேந்தியும் காடுகளில் உழைத்த நம்மவர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை.

அளந்த நிலத்தின்மீது பின்னர் இருப்புப்பாதை வந்தது. பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் கைகோத்தன. மாட்டுவண்டியில் வாரக்கணக்கில் சென்ற வழி, அன்று முதல் நாட்கணக்கில் அடங்கிற்று. நாம் இங்கே குடியேறி வாழ்ந்தும், தாய்தந்தையரை ஆண்டுதோறும் கண்டு வர இயன்றது அவ்விணைப்பினால்தான்.

ஆதலின் நம் பிள்ளைகள் பாரிஸையும் பெர்லினையும் கற்கட்டும், மகிழ்வோம். அடுத்த விடுமுறையில் ரயில் ராய்ச்சூரில் நிற்கும்போது, இரு பாதைகள் கூடிய இடம் இது என்று அவர்களுக்குக் காட்டுவோம். சென்னை சேர்ந்ததும் பரங்கிமலைக்கும் ஒருமுறை அழைத்துச் செல்வோம்.