வீட்டுத் தொட்டியில் களவா வளர்க்கலாமா? கொடுவா ஏன் நல்லது?

தூத்துக்குடி, திரேஸ்புரம் பக்கம் கரைக்குப் போய் வருகிறவர்களுக்கு, கூட்டில் மாட்டிய சின்னக் களவாவை உயிரோடு பார்த்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை வரும். புள்ளி புள்ளியாக, தடித்த உதட்டோடு, ஆளைப் பார்த்தால் கிட்டே வந்து நிற்கும் மீன் அது. கடல் மீன்களில் தீனி கொடுப்பவரை அடையாளம் கண்டு பழகும் மீன்களில் களவாவும் ஒன்று. ஆனால் கையளவு இருக்கும் இந்த மீன் எவ்வளவு பெரிதாகும், அதற்கு என்ன தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரைப் பிறகு எங்கே ஊற்றுவது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். முக்கியமாக, உங்கள் வீடு தோட்டத்தை ஒட்டி இருந்தால் மூன்றாவது கேள்விதான் பெரிய கேள்வி.

எவ்வளவு பெரிதாகும்?

மன்னார் வளைகுடாவில் முத்துப்பார்களையும் பாறை இடுக்குகளையும் அண்டி வாழ்வது களவா. தீனி சரியாகக் கிடைத்தால் ஓராண்டில் அரைக் கிலோவைத் தாண்டும். பல வகைகள் ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல் வளரும். கடைகளில் விற்கும் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி இதற்குச் சில மாதம்கூடத் தாங்காது. குறைந்தது 2,000 லிட்டர் வேண்டும். அதாவது 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். தண்ணீர் மட்டுமே இரண்டு டன் எடை. மாடியில் வைக்கும் பேச்சே வேண்டாம். தரையில் சிமென்ட் தொட்டி கட்டி, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி பதித்துக்கொள்வதே நல்லது.

மஞ்சளும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் குஞ்சு கிடைத்தால் வாங்காதீர்கள். அது ராட்சதக் களவாவின் குஞ்சாக இருக்கலாம். 300 கிலோவைத் தாண்டி வளரும் இந்த மீன் 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடல் குதிரை, பவளப்பாறை, கடல் விசிறி ஆகியவையும் அதே ஆண்டில்தான் சேர்ந்தன. தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று பவளக் கல்லை எடுத்து வந்தாலும் வழக்கு வரும். வான் தீவு முதல் வடக்கே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. தொட்டியின் வடிகட்டிக்குச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும் கிளிஞ்சலே போதும். நன்றாகக் கழுவிப் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை குறையாமலும் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஆழத்திலிருந்து தூண்டிலில் இழுத்த களவா வயிறு உப்பி, மேலே மிதந்தபடி இருக்கும். உள்ளே காற்றுப்பை சேதமானதால் அப்படி. விலை மலிவாகக் கொடுத்தாலும் அது பெரும்பாலும் பிழைக்காது. கூட்டில் பிடித்ததுதான் உயிர் வாழும்.

அளத்து உப்பைக் கலந்தால் கடல் தண்ணீர் ஆகுமா?

ஆகாது. இது நம் பக்கத்தில் பலரும் செய்யும் வேலை. உப்பளத்தில் பாத்திக் கட்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். கடல் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் படிந்துவிடுகிறது. சுமார் 25 டிகிரியில் உப்பு விளைகிறது. மிச்சமுள்ள கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி ஜிப்சத்தோடும், மக்னீசியமும் பொட்டாசியமும் கசப்புத் தண்ணீரோடும் போய்விடுகின்றன. வாரிய உப்பு ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. அதைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் நாக்குக்குக் கடல் மாதிரி இருக்கும், களவாவின் உடம்புக்கு இருக்காது. கரையோர ஊர்களில் உப்பாகிப்போன போர் தண்ணீரும் இதே கதைதான். அதில் பொட்டாசியம் குறைவாக இருப்பது இறால் பண்ணை வைத்தவர்களுக்குத் தெரியும்.

கடல் தண்ணீரைத்தான் கொண்டுவர வேண்டும். துறைமுகத்துக்குள்ளும் படகுகள் கட்டும் இடத்திலும் எண்ணெய் கலந்திருக்கும், அங்கே எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி பெருகி ஓடும் நாட்களில் புன்னைக்காயல் பக்கமும் வேண்டாம். திறந்த கரையில், ஏற்றத்தின்போது எடுத்து, இரண்டு நாள் மூடிவைத்துத் தெளியவிட்டு ஊற்றுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். நம் வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும், கடல் தண்ணீரை அல்ல. அளந்து பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் இறால் தீவனக் கடைகளில் கிடைக்கும்.

தொட்டி நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் கிளிஞ்சலில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஒரு சிறு மீனை மட்டும் விட்டு, அல்லது தினம் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டுக் காத்திருங்கள்.

வடிக்கும் தண்ணீர் எங்கே போகும்?

2,000 லிட்டர் தொட்டியில் வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் 400 லிட்டர். அதில் இருப்பது 14 கிலோ உப்பு. ஆண்டுக்கு 700 கிலோவுக்கு மேல். இதைக் கொல்லையில் வடித்தால் வாழையும் கிணறும் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத் தோட்டக்காரர் ஒருவர் களவாத் தொட்டி வைக்க விரும்பினால், அந்த உப்புத் தண்ணீரை ஒவ்வொரு வாரமும் கடலுக்கே திருப்பிக் கொண்டுபோக வண்டி வேண்டும். கடற்கரையில் வீடு இருந்தால் ஒழிய, களவா விவசாயிக்கு ஏற்ற மீன் அல்ல என்பதே எங்கள் கருத்து.

கொடுவா எப்படி?

கடலில் முட்டையிட்டு, குஞ்சுப் பருவத்தில் கழிமுகம் வழியாக ஆற்றுக்குள் ஏறி வளரும் மீன் கொடுவா. அதனால் நல்ல தண்ணீரிலும் வாழும். வேட்டை மீனின் மிடுக்கு குறையாது. இரையை வாயால் உறிஞ்சி விழுங்கும்போது வரும் சத்தம் திண்ணை வரை கேட்கும். வடிக்கும் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் உரம். ஒரு வேடிக்கை, களவா முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாகும். கொடுவா நேர்மாறாக ஆணாகத் தொடங்கி சில ஆண்டுகளில் பெண்ணாகும்.

குஞ்சைக் கடலிலோ ஆற்றிலோ தேட வேண்டாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி மையத்தின் பொரிப்பகமும் உண்டு. தீவன உருண்டை தின்னப் பழகிய, 10 சென்டிமீட்டருக்கு மேலான குஞ்சாகக் கேளுங்கள். நல்ல தண்ணீருக்குப் பழக்கித் தரச் சொல்லலாம். நீங்களே பழக்குவதானால் ஒரு வாரமாவது எடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறையுங்கள்.

எல்லாக் குஞ்சும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள உடன்பிறப்பையும் கொடுவா விழுங்கிவிடும். காலையில் எண்ணிக்கை குறைந்தால் பூனையைச் சந்தேகப்படாதீர்கள்!

தீனிக்கு மிதக்கும் உருண்டைத் தீவனமே சிக்கனம். வெறும் மீனாகப் போட்டால் ஒரு கிலோ எடை கூட ஐந்து, ஆறு கிலோவுக்கு மேல் மீன் செலவாகும். சாளையை மட்டுமே தொடர்ந்து போட்டால் வைட்டமின் பி1 குறைபாடு வந்து மீன் சுழன்று நீந்தும். சின்னக் குஞ்சுக்கு நாளுக்கு மூன்று வேளை, அரைக் கிலோவுக்கு மேல் ஒரு வேளை போதும். மிச்சத் தீனியை உடனே எடுத்துவிடுங்கள்.

மின்சாரம் நின்றால் காற்று நிற்கும். பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். ஏரேட்டருக்கு பேட்டரி இணைப்பு இல்லாமல் தொடங்க வேண்டாம். தொட்டிக்கு மேல் வலை கட்டுங்கள், துள்ளி வெளியே விழும். கையால் தூக்காதீர்கள், செவுள் மூடி பிளேடு போல அறுக்கும்.

வளர்ந்த பிறகு

கண்மாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் கொடுவா குட்டி போடாது என்றாலும், குத்தகைக்காரர் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளை அது தின்றே வளரும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் கொடுவா, கொடுவாவின் பங்காளிதான். அந்த ஏரியில் மட்டுமே இருந்த பல மீன் இனங்கள் அதனால் அழிந்தன. நம் கடலின் சிங்க மீனோ கண்ணாடித் தொட்டிக்காக அமெரிக்கா போய், 1980-களில் புளோரிடா கடலில் காணப்பட்டு, இன்று கரீபியன் முழுவதும் பரவிவிட்டது.

கொடுவா ஒன்றரை, இரண்டு கிலோ ஆனதும் பெரிய குளம் வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம், சந்தையில் விற்கலாம், அல்லது குழம்பு வைக்கலாம். நோய்க்கு மருந்து போட்டிருந்தால் மட்டும் உடனே சாப்பிடக் கூடாது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில், போட்ட மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.