கணினிக் கல்விச் சீர்திருத்தமும் மலையகமும்

பல்கலைக்கழகக் கல்வியைச் சீர்திருத்த வழங்கப்படும் நிதி, பல்கலைக்கழக வாயிலை அடைந்தோரையே முதலிற் சென்று சேர்கின்றது. அவ்வாயிலை நோக்கிய பாதை எல்லோர்க்கும் ஒன்றாய் இல்லாதவிடத்து, நிதியின் பயனும் ஒன்றாய் இருப்பதில்லை. இலங்கையின் கணினிக் கல்வி வரலாற்றை ஹட்டன் பிரதேசத்திலிருந்து நோக்குவார்க்கு இது தெளிவாகும்.

1983இல் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. அம்முயற்சியில் முன்னின்றோருள் ஒருவர் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. 1987இல் அப்பல்கலைக்கழகத்தில் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது. யப்பானிய அரசின் உதவி அதற்கு உறுதுணையாயிற்று. 2002இல் அந்நிறுவனம் கணினி விஞ்ஞானத் துறையுடன் இணைந்து, கணினிக் கல்லூரியாக வளர்ந்தது.

2003இல் பட்டப்படிப்பின் பொருத்தப்பாட்டையும் தரத்தையும் உயர்த்தும் செயற்றிட்டம் உலக வங்கியின் துணையுடன் தொடங்கிற்று. அதன் நிதியில் ஒரு பகுதி போட்டி முறையிற் பகிரப்பட்டது. போட்டியில் முந்தக்கூடியவை ஏற்கெனவே ஆளணியும் வளமும் உடைய துறைகளே. 2010இல் தொடங்கிய அடுத்த செயற்றிட்டமோ போட்டி நிதியோடு, தகவல் தொழில்நுட்பத் திறனையும் ஆங்கிலத்தையும் வளர்ப்பதற்கெனப் பல்கலைக்கழகங்கள் அனைத்திற்கும் நிதி ஒதுக்கியது. முன்னையதிலும் இது நேரிய முறை எனலாம்.

மலையகத்தின் வரலாறு வேறு. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்ட நிருவாகத்தின் கீழிருந்த பாடசாலைகள் நெடுங்காலம் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரின் அரசியற் குரலையும் பறித்தது. 1970களிலேயே அரசு இப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடனின் உதவியால் அவற்றிற்குக் கட்டிடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. பின்னர் ஹட்டனுக்கு அண்மையில், பத்தனையில், ஜெர்மனிய உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. எனவே, கொழும்பில் கணினி நிறுவனம் எழுந்த காலத்தில், தோட்டங்களில் வகுப்பறைகளே எழுந்துகொண்டிருந்தன.

இவ்விடைவெளி க.பொ.த. உயர்தரத்தில் வெளிப்படுகின்றது. கணினி விஞ்ஞானப் பட்டத்திற்குக் கணிதப் பின்னணி வேண்டும். மலையகத் தமிழ்மொழிப் பாடசாலைகளிலோ கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலக் குறையாகும். கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றென நுவரெலியாவிற்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டு. எனினும், ஒதுக்கீடு இடத்தைத் தருமேயன்றிப் பாடத்தைக் கற்பிக்காது. அதனுள்ளும் தோட்டப் பிள்ளை நகரப் பிள்ளையுடன் போட்டியிடவேண்டும். 2000ஆம் ஆண்டளவில் கொழும்புப் பல்கலைக்கழகம் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் தூரத்தைக் குறைத்தது. ஆயின் அதன் மொழி ஆங்கிலம் என்பதால் மற்றொரு தடை எஞ்சியது.

மேலிருந்து வந்த நிதியும் கீழிருந்து எழுந்த நிதியும் வெவ்வேறு அமைச்சுகள் வழியாக, வெவ்வேறு கணக்குகளில், ஒன்றையொன்று அறியாது நடந்தன. இரண்டும் சந்திக்கவேண்டிய இடம் உயர்தரக் கணித வகுப்பறை. அங்கு ஓர் ஆசிரியரை நிலையாக இருத்துவதற்கும் செலவு ஆகும். பட்டப்படிப்பின் சீர்திருத்தம் இச்செலவையும் தன் கணக்கிற் சேர்க்கும்போதுதான் ஹட்டன் மாணவர்க்கும் அது சீர்திருத்தமாகும்.